ஏழு ஷில்லிங்

1913-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 15-ஆம் தேதியிலிருந்து, பிரிட்டனில் கப்பல் கட்டும் துறைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்துவந்த ஒரு தொழிலாளி, தன்னால் விளையாத காரணத்தினால் வேலையை இழக்க நேர்ந்தால், சர்க்கார் அலுவலகம் ஒன்றின் கௌண்டர் முன் போய் நின்று, எவருடைய தயவையும் நாடாமல், வாரத்துக்கு ஏழு ஷில்லிங் கேட்டுப் பெறலாம் என்ற நிலைமை ஏற்பட்டது. ஏழு ஷில்லிங் என்பது கைதேர்ந்த ஒரு மெக்கானிக்கின் வாரக் கூலியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாகம். அதைக் கொண்டு ஒரு குடும்பம் வயிறார உண்டுவிட முடியாது என்பதைச் சட்டம் இயற்றியவர்களும் அறிந்தே இருந்தார்கள். இருந்தும், தொழிலாளி தானே சந்தா கட்டிச் சம்பாதித்த பாத்தியதையாக அந்தப் பணம் அவன் கைக்கு வந்தது என்பதனால், தொழிலாளர் சரித்திரத்தில் அந்தச் சொற்பத் தொகைக்குரிய ஸ்தானம் மிகப் பெரியது. அந்தப் பாத்தியதை எப்படிப் பிறந்தது, பிறந்து இருபது வருஷங்கள் ஆவதற்குள் எவ்வாறு மறுபடியும் யாசகத்தின் நிலைக்குத் தாழ்ந்தது, அதை மீட்பதற்கு எத்தனை குடும்பங்கள் அவமானப்பட நேர்ந்தது என்பதையெல்லாம் நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், வேலை இழந்தவனை என்ன கேள்வி கேட்பது என்ற விவகாரம் இன்றுவரை தீர்ந்துவிடவில்லை.

அதற்கு முந்திய காலத்தில் வேலையில்லாதவனுக்குச் சர்க்கார் காட்டிய வழி ஒன்றே ஒன்றுதான். 1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டத் திருத்தத்தின்படி, உடலில் வலுவுள்ள ஒருவன் உதவி கேட்டு வந்தால் அவனை ஏழைகள் விடுதிக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. உள்ளே போனவுடன் புருஷன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் குழந்தைகள் வேறொரு பக்கமுமாகப் பிரிக்கப்பட்டார்கள். விடுதி உடை மாட்டப்பட்டது. கல் உடைப்பதும் பழங்கயிற்றைப் பிரித்து நாராக்குவதும் வேலையாகக் கொடுக்கப்பட்டன. வெளியிலே உழைக்கிற மிகத் தாழ்ந்த கூலிக்காரனுடைய வாழ்க்கையைவிட விடுதிவாசியின் வாழ்க்கை ஒரு படி கீழாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் உதவி கேட்க எவனும் துணியமாட்டான் என்று அந்தச் சட்டத்தின் கர்த்தாக்கள் பகிரங்கமாகவே எழுதிவைத்தார்கள். ஏழைகள் நிதியிலிருந்து ஒரு காசு பெற்றவனுக்கு வாக்குரிமையும் போய்விடும். இந்த அபராதம் 1918 வரையில் நீடித்தது. பசி ஒரு குற்றமாகப் பாவிக்கப்பட்ட காலம் அது என்று சொன்னால் மிகையாகாது.

சர்க்கார் இப்படி இருந்தபோது, கைத்தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு மார்க்கத்தைக் கண்டுகொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தச்சர், அச்சுக்கோப்பவர், தொப்பி செய்பவர், கம்பளி வாரிச் சீவுபவர் போன்றவர்கள், சொந்த ஊரில் வேலை அற்றுப்போனால், சங்கம் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கால்நடையாகப் புறப்பட்டு, அடுத்த ஊரில் சங்கம் கூடும் சத்திரத்தை அடைந்து சீட்டைக் காட்டினால், அங்கே அவர்களுக்கு இரவு உணவும் படுக்கையும் கிடைக்கும். அந்த ஊரில் வேலை உண்டென்றால் தங்குவார்கள், இல்லையென்றால் விடிந்ததும் அடுத்த ஊர். இவ்வாறு நூற்றுக்கணக்கான மைல் சுற்றி, ஒருவேளை வேலை எங்குமே கிடைக்காமல், புறப்பட்ட ஊருக்கே திரும்பி வந்தவர்களும் உண்டு. குடும்பத்தை விட்டுவிட்டு நடந்து திரிய வேண்டிய இந்தக் கஷ்டத்தைக் குறைப்பதற்காகவே, பிற்பாடு, வேலையில்லாதவன் வீட்டிலிருந்தபடியே வாரந்தோறும் ஒரு தொகை பெறும் ஏற்பாட்டைப் பெரிய சங்கங்கள் செய்துகொண்டன.

1851-இல் ஸ்தாபிக்கப்பட்ட இயந்திரத் தொழிலாளர் ஐக்கிய சங்கம் இந்த விஷயத்தில் மற்ற சங்கங்களுக்கெல்லாம் வழிகாட்டியாக விளங்கிற்று. அந்தச் சங்கத்தின் கிளைகளில் வேலையற்றோர் கையெழுத்திடுவதற்கென்றே ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். உதவித்தொகை பெறுகிறவன் அங்கே வந்து தன் பெயரைப் பதிய வேண்டும். எங்கேயாவது ஆள் தேவை என்று தகவல் வந்தால் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே ஆள் அனுப்புவார்கள். பிற்காலத்தில் சர்க்கார் அலுவலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் இட்ட கையெழுத்துக்கு மூலம் இந்தப் புத்தகமே என்பதையும், ஊரில் எந்தப் பட்டறையில் என்ன நடக்கிறதென்று உடனிருந்து அறிந்த சக தொழிலாளிகளே அதைச் சரிபார்த்ததனால் அங்கே விசாரணைக்கோ சந்தேகத்துக்கோ பெரும்பாலும் இடமிருக்கவில்லை என்பதையும் நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், வாராவாரம் சந்தா கட்டச் சக்தியுள்ள கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு எட்டியது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும், வீடு வீடாகச் சென்று வேலை செய்த பெண்ணுக்கும் சங்கமும் இல்லை, சத்திரமும் இல்லை.

ஐரோப்பாக் கண்டத்திலும் சில நகரங்கள் இதே காலத்தில் பரிசோதனைகளில் இறங்கின. ஸ்விட்சர்லாந்திலுள்ள செயின்ட் காலன் நகரம் 1895-இல் கட்டாயக் காப்பீட்டை ஆரம்பித்து, நிரந்தர வேலையுள்ளவர்களின் எதிர்ப்பினால் இரண்டே வருஷத்தில் அதைக் கைவிட்டது. பெல்ஜியத்தில் கெண்ட் நகரசபை, 1901 முதல், சங்கங்கள் கொடுக்கும் உதவித்தொகையுடன் நகர நிதியிலிருந்தும் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அந்த ஏற்பாடு பல தேசங்களுக்குப் பரவிற்று.

ஒரு தேசம் முழுவதற்குமான கட்டாயக் காப்பீடு பிரிட்டனில் உருவானதற்கு இரண்டு மூன்று பேருடைய சிந்தனை முக்கிய காரணம். அவர்களில் வில்லியம் பெவரிட்ஜ் என்பவர் வங்காளத்தில் ரங்கபூரில் 1879-இல் பிறந்தவர். அவருடைய தந்தை இந்தியாவில் நீதிபதியாக உத்தியோகம் பார்த்தவர். தாயார் பாபருடைய சுயசரிதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த விதுஷி. ஆக்ஸ்போர்டில் படித்துத் தேறிய பெவரிட்ஜ், சட்டத்தொழிலில் பெறக்கூடிய செல்வத்தை விட்டுவிட்டு, கிழக்கு லண்டனில் ஏழைகள் மத்தியில் இயங்கிய டாயின்பி ஹாலில் போய்த் தங்கினார். துறைமுகத்தின் வாசலில் காலை நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதையும், மேஸ்திரி சிலரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதையும் ஆராய்ந்து, 1909-இல் அவர் எழுதிய நூலில், வேலையின்மை என்பது தொழில் அமைப்பிலுள்ள கோளாறு என்ற கொள்கையைத் தக்க ஆதாரங்களோடு நிலைநாட்டினார். வேலையற்றவனைச் சோம்பேறி, குடிகாரன், துர்நடத்தையுள்ளவன் என்றே பாவித்துவந்த ஒரு சமுதாயத்துக்கு அது புதிய உபதேசமாயிருந்தது.

அப்போது வர்த்தக இலாகாவின் மந்திரியாயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் பெவரிட்ஜைத் தம் இலாகாவுக்கு அழைத்துக்கொண்டார். 1909-இல் தொழில் பரிவர்த்தனை நிலையங்களுக்கான சட்டம் நிறைவேறி, 1910 பிப்ரவரி முதல் தேதியன்று அறுபதுக்கு மேற்பட்ட நிலையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. காப்பீட்டுக்கு அந்த நிலையங்கள் இன்றியமையாதவை. ஒருவன் வேலை தேடியும் கிடைக்கவில்லை என்பதை அவனைத் துன்புறுத்தாமல் அறிவதற்கு, அவனுக்கு நிலையமே ஒரு வேலையைக் காட்டிப் பார்ப்பதைவிடச் சுலபமான உபாயம் வேறில்லை. பிறகு 1911 டிசம்பரில், நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பாகமாக, வேலையின்மைக் காப்பீடு சட்டமாயிற்று.

அந்தச் சட்டம் செயற்பட்ட விதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். கட்டடம், கப்பல், இயந்திரம், வார்ப்படம், வண்டி செய்தல், மரம் அறுத்தல் முதலிய சில தொழில்களிலிருந்த ஏறக்குறைய இருபத்திரண்டரை லட்சம் பேர் அதற்கு உட்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் உண்டு. வேலையிலிருக்கும் வரையில் அது முதலாளியிடம் இருக்கும். வாரந்தோறும் தொழிலாளியின் கூலியிலிருந்து இரண்டரைப் பென்னியும் முதலாளியின் பங்காக இரண்டரைப் பென்னியும் சேர்த்து, தபால் ஆபீசில் விற்கும் முத்திரையை வாங்கி அதில் ஒட்ட வேண்டும். இருவரும் கட்டியதில் மூன்றில் ஒரு பாகத்தைச் சர்க்கார் சேர்க்கும். வேலை போனால் முதலாளி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தொழிலாளி அதை எடுத்துப்போய்ப் பரிவர்த்தனை நிலையத்தில் ஒப்படைத்து மனுப் பத்திரம் பூர்த்தி செய்து, வேலை நேரத்தில் வந்து கையெழுத்திட்டு வர வேண்டும். முதல் வாரத்துக்குப் பணம் இல்லை. பிறகு ஐந்து முத்திரைக்கு ஒரு வாரம் என்ற கணக்கில், வருஷத்துக்குப் பதினைந்து வாரங்களுக்கு மேற்படாமல், ஏழு ஷில்லிங் கிடைக்கும். வேலைநிறுத்தம் நடக்கும் பட்டறைக்குப் போ என்று அவனை நிர்ப்பந்திக்கக் கூடாது. வழக்கமான கூலிக்குக் குறைந்த வேலையை மறுத்தால் அதற்காகத் தண்டிக்கக் கூடாது. மனு நிராகரிக்கப்பட்டால், ஒரு தலைவரும் முதலாளிகளின் பிரதிநிதி ஒருவரும் தொழிலாளிகளின் பிரதிநிதி ஒருவரும் கொண்ட மத்தியஸ்த சபையிடம் முறையிடலாம்; அதற்கும் மேலே ஒரு பிரதம நடுவர் இருந்தார். நியாயம் கேட்க ஒரு ஸ்தலம் இருக்கிறது என்ற இந்த ஏற்பாடு, என் அபிப்பிராயத்தில், ஏழு ஷில்லிங்கைவிட மேலானது.

ஒரு விதி மட்டும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. நடத்தைக் கேட்டினால் நீக்கப்பட்டவனுக்கும், தக்க காரணமின்றித் தானாக விலகியவனுக்கும் ஆறு வாரம் பணம் கிடையாது. இதைப் பற்றி அதிகாரிகளுக்கும் சர்ச்சிலுக்கும் வாதம் நடந்திருக்கிறது. குடித்ததனால் வேலையை இழந்தவன்கூடச் சந்தா கட்டியவன்தானே, அவன் குடித்ததற்குத் தண்டனை வேலை போனதே போதாதா, கணக்கு விவகாரத்தில் ஒழுக்க விவகாரத்தைக் கலப்பானேன் என்பது சர்ச்சிலின் வாதம். அதிகாரிகளே வென்றார்கள். கௌண்டருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் முன்னால் நிற்பவனுடைய யோக்கியதையை எடைபோடலாம் என்பதற்கு அன்று திறந்துவைத்த சிறு வாசல், பத்தே வருஷத்தில் பெரிய கோபுர வாசலாக விரிந்தது.

முதல் உலக யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்த சிப்பாய்களுக்கும் ஆயுதச் சாலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும் சந்தா எதுவுமின்றி ஒரு தற்காலிக உதவித்தொகையைச் சர்க்கார் வழங்கிற்று. 1920-இல் காப்பீடு விஸ்தரிக்கப்பட்டு, விவசாயமும் வீட்டுவேலையும் நீங்கலாக, ஒரு கோடிக்கு மேற்பட்ட உழைப்பாளிகளை உள்ளடக்கிற்று. அது அமலுக்கு வந்த சில மாதங்களிலேயே வியாபாரம் படுத்துவிட்டது. 1921-ஆம் வருஷத்தின் மத்தியில் வேலையற்றோர் தொகை இருபது லட்சத்தைத் தாண்டியது. முத்திரைகள் தீர்ந்துபோனவர்களைப் பட்டினி போட முடியாது, புரட்சி வந்துவிடும் என்று அஞ்சிய சர்க்கார், கணக்கை மீறியும் பணம் கொடுக்கச் சம்மதித்தது. சம்மதித்த கையோடு, உண்மையாகவே வேலை தேடினாயா என்பதை நிரூபி என்ற நிபந்தனையையும் விதித்தது. 1924-இல் அந்த நிபந்தனை, முத்திரை தீராதவர்கள் உட்பட, எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டது.

இந்த நிபந்தனையின் கொடுமையை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் தகும். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக் கிடக்கிற ஒரு பள்ளத்தாக்கில், வேலை என்பது எங்குமே இல்லை என்று நிலையத்து உத்தியோகஸ்தருக்கே தெரியும். இருந்தும், நேற்று எந்தெந்த ஸ்தலத்துக்குப் போனாய், யாரைக் கண்டு பேசினாய், எத்தனை மணிக்குப் போனாய் என்று அவர் கேட்பார். கேட்கப்பட்டவன், மூடிய கேட்டுகளுக்கு முன்னால் மைல் கணக்கில் நடந்து, இல்லாத வேலையைத் தேடியதற்கு அத்தாட்சி சேகரிக்க வேண்டும். நாவன்மை உள்ளவன் பிழைத்தான். கேள்விக்கு முன் நாக்குழறியவனுடைய மனு தள்ளப்பட்டது. கணவன் சம்பாதிக்கிறான் என்றும், வீட்டுவேலைக்குப் போக மறுத்தாள் என்றும் பெண்களின் மனுக்கள் தள்ளப்பட்டன. லட்சக்கணக்கான மனுக்கள் இவ்விதம் நிராகரிக்கப்பட்ட பின்னர், தொழிற்கட்சி மந்திரிசபை 1930-இல் அந்த நிபந்தனையை நீக்கியது.

அந்த நிம்மதி இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1931-இல் பவுனுடைய மதிப்பு ஆட்டங்கண்டபோது, ஸர் ஜார்ஜ் மே தலைமையில் அமைந்த கமிட்டி, வேலையற்றோர் பணத்தில் ஐந்தில் ஒரு பாகத்தை வெட்ட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. பணத்தைக் குறைப்பதா என்ற கேள்வியிலேயே தொழிற்கட்சி மந்திரிசபை பிளந்து வீழ்ந்தது. பிறகு ராம்ஸே மக்டோனால்டின் தலைமையில் வந்த தேசிய சர்க்கார், அப்போது வாரத்துக்குப் பதினேழு ஷில்லிங்காயிருந்த தொகையைப் பதினைந்து ஷில்லிங் மூன்று பென்னியாகக் குறைத்ததோடு, இருபத்தாறு வாரங்களுக்கு மேல் வேலையின்றி இருப்பவன் ஏழைகள் சட்டத்தின் வாரிசான ஊர்க் கமிட்டியிடம் போய், தன் குடும்பத்தின் வரும்படியைக் காட்டித் தன் வறுமையை நிரூபித்தால்தான் பணம் என்று உத்தரவிட்டது. கலியாணமான பெண்களுக்கென்று தனியே வகுத்த விதிகளினால், முறையாக முத்திரை ஒட்டியிருந்தவர்களிலேயே லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பணத்தை இழந்தார்கள்.

குடும்ப வரும்படிப் பரிசோதனை என்ற இதை ஜனங்கள் மறக்கவில்லை. ஓர் உத்தியோகஸ்தர் வீட்டுக்கு வருவார். மேஜை நாற்காலிகளைப் பார்ப்பார். விற்கக்கூடியது எது என்று மதிப்பிடுவார். சேமிப்பு எவ்வளவு, கிழவருக்குப் பென்ஷன் எவ்வளவு, மகள் கடையில் என்ன சம்பாதிக்கிறாள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். மகள் சம்பாதித்தால் தகப்பனுக்குக் குறையும். இருபது வருஷம் உலைக்களத்தில் நின்று குடும்பத்தைக் காத்தவன், தன் பெண்ணின் சம்பளத்தில் உண்ண வேண்டியவனானான். அவனுக்குக் கிடைக்கும் தொகை கூடட்டும் என்பதற்காகப் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் குடியிருந்தார்கள். சட்டம் குடும்பத்தையே பிளந்தது. பழைய விடுதி செய்த அதே காரியத்தை, விடுதியின் சுவர்கள் இல்லாமலே செய்தது. ஸால்போர்டில் வளர்ந்த வால்டர் கிரீன்வுட் 1933-இல் வெளியிட்ட நாவல் இந்த அவலத்தைத் தேசத்தின் கண்முன் நிறுத்தியது. ரோதரம், டர்ஹாம் ஆகிய இடங்களிலிருந்த கமிட்டிகள் இரக்கங்காட்டி முழுத்தொகை கொடுத்தபோது, சர்க்கார் அவற்றின் அதிகாரத்தைப் பறித்துத் தன் கமிஷனர்களை அனுப்பியது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1932-இல் பர்க்கன்ஹெட்டிலும் பெல்பாஸ்டிலும் கலகம் மூண்டது. அதே வருஷம் பட்டினி யாத்திரையாக லண்டனுக்கு வந்தவர்கள் பத்து லட்சம் கையெழுத்துடன் கொண்டுவந்த மகஜரைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். 1935 ஜனவரியில் புதிய போர்டு ஒன்று தேசம் முழுவதற்கும் ஒரே விகிதத்தை விதித்தபோது, பல ஊர்களில் தொகை முன்னிலும் குறைந்தது. தெற்கு வேல்ஸில் ஜனங்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். மெர்த்தர் டிட்வில் நகரத்தில், பிப்ரவரி 4-ஆம் தேதி, பெண்கள் போர்டு அலுவலகத்துக்குள் புகுந்து தங்கள் குடும்பங்களைப் பற்றி எழுதிவைத்திருந்த காகிதங்களை நாசம் செய்தார்கள். மறுநாளே சர்க்கார் பின்வாங்கி, தொகை எதுவும் குறையாது என்று அறிவித்தது. அந்தப் பெண்களின் கோபம் முதலில் அந்தக் காகிதங்களின் மீதே பாய்ந்தது என்பதை நான் கவனத்துக்குரியதாகக் கருதுகிறேன்.

1936 அக்டோபரில் ஜாரோ என்ற கப்பல் பட்டணத்திலிருந்து இருநூறு ஆடவர் லண்டனுக்கு நடந்தார்கள். பால்மர் கப்பல் தளம் மூடப்பட்டபின் அந்த ஊரில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வேலை இல்லை. பார்லிமெண்ட் அங்கத்தினரான எல்லன் வில்கின்ஸன் அம்மையார் அவர்களோடு வழியில் நடந்தார். பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மகஜர் பார்லிமெண்டில் சமர்ப்பிக்கப்பட்டது. பலன் எதுவும் உடனே கிட்டவில்லை. ஊர் திரும்பியவர்களுக்கு, நடந்துகொண்டிருந்த வாரங்களில் வேலைக்கு ஆயத்தமாக ஊரில் இருக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி, உதவிப் பணம் பிடித்தம் செய்யப்பட்டது. வேலையே இல்லாத ஊரில் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்று குற்றம் சாட்டும் ஒரு சட்டம், தன் பிரஜைகளின் முகத்தைப் பார்க்கும் சக்தியை இழந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது யுத்தம் வந்து எல்லோருடைய கைக்கும் வேலை கிடைத்தபோதுதான், 1941-இல், குடும்ப வரும்படிப் பரிசோதனை ரத்தாயிற்று. அடுத்த வருஷம் டிசம்பரில் பெவரிட்ஜின் அறிக்கை வெளியாகி, ஜனங்கள் வரிசையில் நின்று அதை வாங்கினார்கள். 1948 ஜூலை 5-ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய காப்பீட்டில், தனி ஆளுக்கு வாரம் இருபத்தாறு ஷில்லிங், வீட்டைச் சோதிக்காமல், பாத்தியதையாகக் கிடைத்தது.

நம் தேசத்துக்கும் இந்தச் சரித்திரத்தோடு சம்பந்தம் உண்டு. யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காக 1945-இல் பிரிட்டிஷ் சர்க்கார் இங்கே வேலைவாய்ப்பு அலுவலகங்களைத் திறந்தது. கௌண்டர் வந்தது, பதிவு அட்டை வந்தது, வரிசை வந்தது. முத்திரைப் புத்தகம் மட்டும் வரவில்லை. 1953-இல் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தி, ஆட்குறைப்பினால் நீக்கப்படுபவருக்கு ஒரு வருஷ சேவைக்குப் பதினைந்து நாள் சம்பளம் முதலாளி நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்று பார்லிமெண்ட் விதித்தது. தொழிலாளியின் சொந்தச் சந்தாவோடு இணைந்த உதவி, 2005-இல்தான் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. மூலம் ராஜீவ் காந்தியின் பெயரால் முதலில் வந்தது. பிறகு 2018-இல் அடல் பிஹாரி வாஜ்பாயின் பெயரால் மற்றொரு திட்டம் வந்து, 2020-இல் அதன் விகிதம் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கிலிருந்து அரைப் பங்காக உயர்த்தப்பட்டது. தொண்ணூறு நாட்களுக்கு மட்டுமே அது கிடைக்கும், ஆயுளில் ஒரு முறைதான் என்பது பெருங்குறை. நடத்தைக் கேட்டினால் நீக்கப்பட்டவருக்கு இல்லை என்ற 1911-ஆம் வருஷத்து விதியும் அப்படியே அதில் குடியிருக்கிறது. இருந்தும், சந்தா கட்டியவர் கேட்டு வாங்க வேண்டிய பணம் அது. ஆலை மூடியதனாலோ ஆட்குறைப்பினாலோ வேலை இழந்த ஒருவரை வாசகர் அறிந்திருந்தால், அவருடைய சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்று கேட்டறிந்து, கூச்சப்படாமல் கிளை அலுவலகத்துக்குச் சென்று அப்போதைய விதிகளை விசாரித்து மனுச் செய்யும்படி அவருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.